ஆளில்லாத பூட்டு

“இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்கம்மா, டேப் தொங்குது” என்றார் சவப்பெட்டிக்காரர்.

அவள் இழுத்துப் பிடித்தாள். மூன்றாவது மாடியில், படி திரும்புகிற இடத்தில், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நாடாவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி நின்றாள். அவள் காலடியில்தான் நேற்றுக் காலை எட்டேகால் மணிக்கு அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெட்டிக்காரர் அதே இடத்தில் முழங்காலை ஊன்றி அளவு குறித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அவளும் சொல்லவில்லை.

“ஆறேகால் அடிப் பெட்டி. படுத்த வாக்குல திரும்பாது. ஒவ்வொரு திருப்பத்துலயும் தலைப் பக்கத்தத் தூக்கி நிறுத்தித்தான் இறக்கணும். அஞ்சு மாடிக்குப் பத்துத் திருப்பம். பெட்டிய கீழயே வச்சிட்டு அவரை மட்டும் ஸ்ட்ரெச்சர்ல இறக்கிட்டா என்ன?”

“அம்மாவுக்கு முட்டி போச்சு. அவங்களால இறங்க முடியாது. பெட்டியில வைக்கறதையாவது அவங்க பார்க்கணும்.”

“லிஃப்ட்தான் இருக்கேம்மா?”

எதிரிலேயே இருந்தது. கதவில் அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில் ஓர் அட்டை: ‘பழுது. ஆள் ஏறக் கூடாது.’ அதற்குக் கீழே யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள்: ‘இப்படிக்கு, பரிசுத்தவான்.’ அவள் நாலு நாளாக அந்த எழுத்தைக் கடந்துதான் ஏறி இறங்குகிறாள். எழுதின கை கிடைத்தால் ஒடித்துவிடலாம் என்று இருந்தது. எழுதினவர் சொன்னதும் நியாயம்தான் என்றும் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“ஸ்தோத்திரம்” என்று கீழிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர். சபையிலும் மூப்பர். தும்மினாலும் ஸ்தோத்திரம், தண்ணீர் வராவிட்டாலும் ஸ்தோத்திரம் என்பதால் கட்டடத்தில் அவருக்குப் பெயரே அதுதான். குடியிருப்பது கீழ்த்தளத்தில். இந்தப் படிகளில் அவர் கால் படுவது இந்த வருடத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“எதுக்கும்மா இந்த அளவெல்லாம்? லிஃப்ட் பூட்டுச் சாவி உன்கிட்டதான இருக்கு? ஆஸ்பத்திரியில குடுத்த பையில இருந்துச்சுன்னாங்க. கரண்டப் போட்டுட்டா பெட்டிய சாய்ச்சு நிறுத்தி ரெண்டே நிமிஷத்துல இறக்கிடலாம். உங்கம்மாவும் வரலாம். புருஷனோட அடக்கத்துக்கு அவங்க வர வேண்டாமா?”

அம்மாவை இழுத்ததுதான் அவளைக் குத்தியது. அந்த ஆள் வாயிலிருந்து வந்தாலும் நியாயம் நியாயம்தானே.

“ஆள் ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கு அங்கிள்.”

“பெட்டிக்கு என்னம்மா ஆபத்து? அதுல ஆளா இருக்கு?”

அவள் நாடாவை விட்டாள். அது சர்ரென்று ஓடிப் பெட்டிக்காரர் கையில் சுருண்டுகொண்டது.

“எங்கப்பா ஆள் இல்லையா?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லல. அவர் கர்த்தருக்குள்ள நித்திரையா இருக்கார்…”

“அப்ப எழுப்பிக் கேட்டுட்டு வாங்க. அவர் சரின்னா தர்றேன்.”

பெட்டிக்காரர் தன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஆறேகால் அடி கடையில் தயாராக இருக்கிறது, மதியத்துக்குள் மேலே கொண்டுவந்துவிடுகிறேன் என்று யாருக்கென்றும் இல்லாமல் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகு, குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளைக்கு முன்னால் இதே மூன்றாவது மாடியில், கதவு திறந்திருக்கும்போது, உள்ளே யாருமே இல்லாத கூண்டு தானாக ஒரு சாண் மேலே ஏறியதைப் பார்த்தார். பார்த்தது அவர் ஒருவர்தான். கண்ணை மூடிக்கொண்டு போயிருந்தால் ஓர் உயிருக்கும் தெரிந்திருக்காது. அவர் கூண்டைக் காலியாக ஐந்தாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, நேரே மொட்டை மாடிக்குப் போனார். மெயின் சுவிட்சை இறக்கினார். அதன் கொக்கியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டிப் பூட்டினார்.

அந்தத் தொழிலில் ஆளுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. யார் பூட்டினாரோ அவர்தான் திறக்க வேண்டும்; முதலாளியே வந்தாலும் இன்னொருவர் பூட்டைத் தொடக் கூடாது. கொக்கியில் ஆறு துளைகள் இருக்கும். ஆறு பேர் உள்ளே இறங்கி வேலை பார்த்தால் ஆறு பூட்டுகள் தொங்கும். ஆள் மாறும்போது, வருகிறவன் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிறவன் தன் பூட்டை எடுப்பான். ஒரு நொடிகூடக் கொக்கி சும்மா இருக்கக் கூடாது. வீட்டிலும் அப்பாவுக்கு இதே சட்டம்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா நகர்ந்தால், “ஆள் வந்து நின்னப்புறம் நகரு” என்பார். “பாலுக்கும் ட்யூட்டி மாத்தணுமா? நல்ல மனுஷன்” என்பாள் அம்மா.

பிரேக் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். கமிட்டி கூட வேண்டும் என்றார் ஸ்தோத்திரம். கமிட்டி கூடவில்லை. ஜெபத்தில் வைப்போம் என்றார். வைத்தார்கள். நாலாம் நாள் கீழ் வாசலில் அப்பாவை நிறுத்தி, “ஜெபிச்சேன் பிரதர். இன்னும் ஒரு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கர்த்தர் எனக்கு உணர்த்தினார். நீங்களும் ஜெபிச்சு, அவர் என்ன சொல்றார்னு கேட்டு முடிவு எடுங்க” என்றார்.

“கண்ணால பார்த்தாச்சு. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது?” என்றார் அப்பா.

“அப்ப நாங்க பூட்ட வெட்டிடுவோம்.”

“வெட்டிக்கங்க. வெட்டுறவர் மொதல்ல ஏறணும்.”

யாரும் வெட்டவில்லை. திட்டினார்கள். நாலாவது மாடிக்காரர் அப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நாலு பேர் வாசலிலேயே வழிமறித்து, ‘மனுஷனைக் கஷ்டப்படுத்துறது என்ன ஊழியம்’ என்று கேட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அம்மாதான் தூங்கவில்லை. வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், முதன்முறையாக ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மணிச் சத்தம் கேட்டாள். அம்மா மாட்டிக்கொண்டாள் என்றுதான் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள், துணிப்பெட்டியைப் படியில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் அப்பாவைத் திட்டிக்கொண்டு.

இப்போது அவள் சுடிதார் பைக்குள் கையை விட்டால் இரண்டு பொருள் தட்டுப்பட்டது. ஒன்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த அப்பாவின் சாவி. இன்னொன்று, காலையில் வெள்ளை உடையை எடுப்பதற்காகத் தன் துணிப்பெட்டியிலிருந்து கழற்றின சின்னப் பித்தளைப் பூட்டு, சாவியோடு. இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

மேலே வீட்டில், கூடத்து நடுவில் அப்பா படுத்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது யாரும் அவரை அப்படிப் போட வைத்ததில்லை. நேற்று மதியம், இறங்க முடியாத அம்மாவுக்காக, நாலு பேர் அவரை மறுபடி ஐந்து மாடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். செத்த பிறகும் அந்த மனுஷனுக்குப் படிக்கட்டுதான்.

போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இளைஞர், நல்ல மாதிரி. கையில் ஒரு சின்னத் தாள் வைத்திருந்தார்.

“மூணு மணிக்கு எடுக்கறோம் அக்கா. அப்பாவுக்குப் பிடிச்ச வசனம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதையே வச்சுப் பேசறேன்.”

“படிக்கட்டப் பத்தி ஏதாவது இருந்தா வாசிங்க.”

“அக்கா…”

“இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். வழி காட்டுவார், வழி காட்டுவார்னு வாரா வாரம் சொல்றீங்களே. நெஞ்சு வலியில இருக்கற மனுஷனுக்கு அவர் காட்டின வழி படிக்கட்டா? அவருக்கு வேற வழியே தெரியாதா?”

போதகர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். சொல்லாமல் இருந்ததே அவர் பிழைத்த பிழைப்பு.

அப்பாவின் ஜெபம் அவளுக்குத் தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டுவார். இடது காலில் ஆரம்பிப்பார்: “ஆண்டவரே, இன்னைக்கு என் கையால யாருக்கும் கேடு வரக்கூடாது.” வலது காலில் ஆமென். அவ்வளவுதான். செருப்பு போட்டால் ஜெபமே கிடையாது போல என்று அம்மா கேலி பண்ணுவாள். முப்பத்திரண்டு வருடம் அதே ஒரு வரி. அந்த ஒரு வரியில் அப்பா தன்னைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று எட்டு மணிக்கு, கேஸ் மாதிரி இருக்கிறது என்று நெஞ்சைத் தடவினார். முகம் வேர்த்திருந்தது. ஆம்புலன்ஸுக்கு அவள்தான் போன் பண்ணினாள். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

“அவங்க ஸ்ட்ரெச்சரத் தூக்கிட்டு ஏறி, மறுபடி இறங்கறதுக்குள்ள நானே கீழ போயிடுவேன்” என்று எழுந்துவிட்டார்.

“சாவியக் குடுங்கப்பா. ரெண்டு நிமிஷம். நானே மேல போய்த் திறந்துட்டு வர்றேன்.”

“அதுல ஆள் ஏறக் கூடாதும்மா.”

“ஒரே ஒரு தடவைப்பா!”

“வா, மெதுவாப் போகலாம்.”

அவளும் கையைப் பிடித்து நடந்தாள். அதுதான். கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனது அவள்தான். ‘நெஞ்சு வலிக்கிற மனுஷன எதுக்குங்க நடக்க விட்டீங்க?’ என்று டாக்டர் பிறகு கேட்டபோது, எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஸ்தோத்திரமும் பார்த்தார்.

மூன்றாவது மாடியில் அப்பா உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். எதிரே லிஃப்ட் கதவு. அந்த மாடிக் கதவின் கொக்கி சில நேரம் முழுதாக விழாது. கூண்டு இல்லாத குழியில் குழந்தைகள் யாராவது எட்டிப்பார்த்துவிடுவார்கள் என்று தினமும் போய்த் தள்ளிப் பார்ப்பார்.

“கதவு சரியா மூடியிருக்கா பாரு” என்றார்.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கையால் தள்ளினாள். மூடித்தான் இருந்தது. திரும்பினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கடைசி வார்த்தை. அம்மாவுக்கு இல்லை, அவளுக்கு இல்லை, ஆண்டவருக்குக்கூட இல்லை. ஒரு கதவுக்கு. அவர் போகிற நேரத்தில் பெற்ற மகள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வராது, கத்தல்தான் வரும் என்று பயமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பெட்டி வந்தது. காலிப் பெட்டியே திருப்பத்துக்குத் திருப்பம் சுவரைச் சுரண்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஸ்தோத்திரமும் வந்தார். இந்தத் தடவை அவளிடம் வரவில்லை. நேரே அம்மாவின் நாற்காலிப் பக்கம் போய்க் குனிந்தார்.

“சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பிள்ளை கோபத்துல இருக்கு. லிஃப்டத் திறந்தா நீங்க கல்லறை வரைக்கும் வரலாம். கடைசியா ஒரு பிடி மண் போட வேண்டாமா?”

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் சரி என்று சொன்னால் மகள் சாவியைக் கொடுத்துவிடுவாள். அதை மகளும் அறிவாள்.

“பதினோரு நாளா இவரோட சண்டை போட்டேன்” என்றாள் அம்மா. “திறங்க, நான் சர்ச்சுக்குப் போகணும்னு. கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், ஒரு நாள் சாப்பாடும் போடல. அசையல மனுஷன். இப்பத் திறந்தா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அவர் இல்லாதப்ப ஜெயிச்சு நான் என்ன பண்ண?”

“அப்படி இல்ல சிஸ்டர்…”

“என்னைத் தூக்கிட்டுப் போங்க. நாற்காலியோட. நாலு பேர் இல்லாமயா போயிட்டீங்க?”

ஸ்தோத்திரம் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. கதவருகே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பூட்டினவர்தான் திறக்கணும்னு சட்டம். சரி. பூட்டினவரே இப்ப இல்லையே. அது ஆளில்லாத பூட்டு. கட்டடத்துல இன்னும் நாப்பது குடும்பம் இருக்கு. சங்கத்துக்குப் பொறுப்பு இருக்கு. நான் வாட்ச்மேன வரச் சொல்லி வெட்டுறேன்.”

சொல்லிவிட்டு இறங்கினார்.

வாசலில் அப்போதுதான் நெட்டை மாமா வந்து நின்றார். அப்பாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். நிலைப்படியில் குனியாமல் நுழைந்தால் நெற்றியில் இடிக்கும் உயரம். கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தார். அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு எழுந்தவரை அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“மாமா, மேல வாங்க. எனக்கு ஒண்ணு தெரியணும்.”

திறக்கத்தான் போனாள். அவர் வராவிட்டாலும் போயிருப்பாள். பூட்டைத் திறந்து, கரண்டைப் போட்டு, தான் ஒருத்தியாக அதில் ஏறிக் கீழே போய் மறுபடி மேலே வர வேண்டும். வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்று, ‘பாருங்க, தாங்கிடுச்சு’ என்று சொல்ல வேண்டும். தாங்காவிட்டால் அதுவும் சரிதான் என்கிற அளவுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

மொட்டை மாடி அறையின் இரும்புக் கதவு வெயிலில் சுட்டது. உள்ளே கிரீஸ் நாற்றம். அப்பாவின் சட்டை நாற்றம்தான் அது. சுவரில் மெயின் சுவிட்ச், கொக்கி, முதல் துளையில் சிவப்புப் பூட்டு. அதிலிருந்து ஓர் அட்டை தொங்கியது: ‘ஆபத்து. நான் பூட்டியிருக்கிறேன். நான் மட்டுமே திறப்பேன்.’ கீழே கையெழுத்து, தேதி.

நெட்டை மாமா டார்ச்சை எடுத்து மோட்டார்ப் பக்கம் குனிந்தார். பிரேக்கின் இரண்டு பக்கமும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். விரலில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது.

“லைனிங் போயே போச்சு. இரும்பு தெரியுது. எல்லாரும் லிஃப்ட் அறுந்து விழும்னு பயப்படுவாங்க. ஆள் கம்மியா இருந்தா விழாது பாப்பா, மேல இழுக்கும். எதிர்ப் பக்கத்து எடைக்கட்டை கனம் அதிகம். கதவு திறந்திருக்கறப்ப இழுத்துச்சுன்னா, பாதி உள்ளயும் பாதி வெளியவும் நிக்கறவன் கதி…” என்று நிறுத்தினார்.

“நேத்து நாங்க ரெண்டு பேர்தான் மாமா. தாங்கியிருக்குமா?”

அவர் டார்ச்சை அணைத்தார்.

“என்கிட்டப் பொய் சொல்லாதீங்க.”

“தாங்கியிருக்கும்னுதான் நினைக்கிறேன். பத்துத் தடவை போனா ஒன்பது தடவை தாங்கும்.”

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். தாங்காது என்று அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அப்பா செய்தது சரி, நான் நடத்திக் கூட்டிப்போனதும் சரி என்று அழுதுவிட்டுப் போயிருக்கலாம். ஆண்டவர் அதையும் தரவில்லை. கேட்கிறவளுக்குச் சாதகமாக ஒரு பதில்கூட அவரிடம் இருக்காதா?

“அப்ப சும்மாத்தான் செத்தார்.”

“அப்படிச் சொல்லாத.”

“நீங்களா இருந்தா? அது உங்க அப்பாவா இருந்தா?”

நெட்டை மாமா ஒரு துணியை எடுத்து விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

“ஏத்தியிருப்பேன்” என்றார். “சாவி இல்லன்னா உடைச்சே ஏத்தியிருப்பேன்.”

பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பதினோரு நாள் இது தொங்கியிருக்கு. இத்தனை பேர் திட்டியும் ஒருத்தன் கை வைக்கல, பார்த்தியா? என் பூட்டா இருந்தா அன்னைக்கு சாயங்காலமே வெட்டியிருப்பாங்க. எனக்கு வேணும்னா நான் திறந்துக்குவேன்னு அவங்களுக்குத் தெரியும். இது அவர் பூட்டு. அவருக்கே திறக்க மாட்டார்னு தெரியும்.”

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அப்பாவையும் அடிக்க வேண்டும் போல இருந்தது. பைக்குள் இருந்த சாவியை உள்ளங்கை வலிக்கப் பிடித்துக்கொண்டாள். அவருக்கே திறக்காத பூட்டு. அவருக்கே. அந்த மனுஷன் ஜெபத்தில் மறந்துபோய்த் தன்னை விட்டுவிடவில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் ஸ்தோத்திரத்தின் மூச்சு வந்தது, பிறகு ஸ்தோத்திரம் வந்தார். பின்னால் வாட்ச்மேன், கையில் நீளக் கைப்பிடி வைத்த கட்டர்.

“தள்ளிக்கம்மா. இதுல கோபப்பட ஒண்ணும் இல்ல. ஆளில்லாத பூட்ட வெட்டலாம். வேணும்னா இவரையே கேளு, கம்பெனியிலயும் அதுதான் சட்டம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். நெட்டை மாமா தலையைக் குனிந்துகொண்டார். உண்மைதான் போலிருக்கிறது.

பையிலிருந்து கையை எடுத்தாள். கையில் வந்தது அவளுடைய பித்தளைப் பூட்டு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. துணிமணிக்குக் காவல் இருக்கிற பூட்டு. அதைக் கொக்கியின் இரண்டாவது துளையில் மாட்டி அழுத்தினாள். டிக் என்றது.

“இப்ப ஆள் இருக்கு” என்றாள்.

“என்னம்மா இது விளையாட்டு? நீ என்ன மெக்கானிக்கா?”

“பூட்டத் தெரியும். போதாதா? வெட்டணும்னா வெட்டுங்க அங்கிள். வெட்டுறவர் மொதல்ல ஏறணும். பெட்டியோட நீங்களே நிக்கணும். கர்த்தர் உணர்த்தினார்ல, ஒரு மாசம் ஓடும்னு? இன்னும் பாதிகூட ஆகலையே. ஏறுங்க.”

வாட்ச்மேன் கட்டரை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த மனிதருக்கு அறிவு இருந்தது. ஸ்தோத்திரம் வாயைத் திறந்தார். எப்போதும் முதலில் வருகிற வார்த்தை இந்தத் தடவை வரவில்லை.

அவள் மெதுவாக அப்பாவின் சாவியை எடுத்தாள். சிவப்புப் பூட்டைத் திறந்து கொக்கியிலிருந்து கழற்றினாள்.

“அதான் திறந்தாச்சே!” என்றார் ஸ்தோத்திரம்.

“இல்லைங்க” என்றார் நெட்டை மாமா. “போறவர் பூட்ட எடுத்தாச்சு. அவ்வளவுதான்.”

தன் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அட்டையில் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, இன்றைய தேதியை எழுதி, அதைத் தன் பூட்டில் மாட்டினாள். பிரேக் மாற்றும்வரை தன் பித்தளைச் சாவி தன் கழுத்தில்தான் இருக்கும், வேண்டுமானால் கமிட்டி வந்து கேட்கட்டும் என்றாள். கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இனி ஆபீசில் லீவை நீட்டிக்க வேண்டும். அம்மா இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார வேண்டுமோ.

வீட்டுக்கு இறங்கி வந்ததும் அம்மா அவள் கையைப் பார்த்தாள். சிவப்புப் பூட்டு இருந்தது.

“திறந்துட்டியா?”

“இல்லம்மா. மாத்திட்டேன்.”

அம்மா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். மகள் பூட்டைக் கொடுத்தாள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள், கைப்பை வைத்துக்கொள்வது போல.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். போதகர் நீளமாகப் பேசவில்லை. முதலில் அம்மாவின் நாற்காலி இறங்கியது. நாலு காலுக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர்தான் முன்வந்தார்கள். நாலாவது காலை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், ஸ்தோத்திரம் பிடித்தார். முதல் திருப்பத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்றார். நாலாவது மாடியைத் தாண்டினதும் சொல்லவில்லை. மூச்சு வேண்டியிருந்தது.

“பார்த்துப் பிடிங்க, நான் சாகறதுக்கு இன்னும் நாள் இருக்கு” என்றாள் அம்மா.

பின்னால் பெட்டி. நெட்டை மாமா தலைப் பக்கம், போதகர் கால் பக்கம், நடுவில் கட்டடத்துப் பையன்கள். நாலாவது மாடிக்காரர் கதவைத் திறந்து வந்து, ஒரு கைப்பிடியில் கை கொடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை நிறுத்தித் திருப்பினார்கள். நிறுத்தும்போதெல்லாம் அப்பா உள்ளே நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் குறையவில்லை. இறங்குகிற ஒவ்வொரு படியிலும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இறங்கினாள். இன்னும் பல வருடம் போடுவாள்.

மூன்றாவது மாடியில் கை மாற்றுவதற்காகப் பெட்டியைத் தரையில் வைத்தார்கள். எந்த இடம் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நெட்டை மாமா தோளைத் தேய்த்துக்கொண்டார். யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

“தூக்கலாமா?” என்றார் போதகர்.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

எதிரே போய், லிஃப்ட் கதவை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தபடியே தள்ளினாள், இந்தத் தடவை முதுகைக் காட்டாமல். கதவு அசையவில்லை.

“ம், தூக்குங்க.”